திரையில் மலர்ந்த தஞ்சைக் கலை

நுழையும்முன்

கலைஞரைப் போற்றுவது தமிழர் வாழ்வில் நெடுங்காலமாக வேரூன்றிய பண்பு. பாணரையும் விறலியரையும் சங்கச் சான்றோர் போற்றினர். ஆடல்மகளிரைச் சோழ மன்னர் போற்றினர். திரைக்கலைஞரை இருபதாம் நூற்றாண்டின் மக்கள் போற்றினர். ஒரு கலைஞரைப் போற்றும்போது நாம் உண்மையில் எதைப் போற்றுகிறோம்? முகத்தையா, புகழையா, கலையையா? தஞ்சை மண்ணில் பிறந்து தமிழ்த்திரையின் முதல் ‘கனவுக்கன்னி’ எனப் பெயர்பெற்ற டி. ஆர். ராஜகுமாரியின் கலைவாழ்வை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

கல்லில் நின்ற ஆடல்

கும்பகோணத்தை அடுத்துள்ள தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் உள்ளது. தேர்போல் அமைந்த மண்டபமும், தூண்களிலும் அடித்தளத்திலும் செதுக்கப்பட்ட சிற்றுருவச் சிற்பங்களும் அக்கோயிலின் தனிச்சிறப்புகள். அவற்றுள் ஆடும் மகளிரின் உருவங்களும், அவர்களுக்கு மத்தளமும் தாளமும் இசைப்போரின் உருவங்களும் பல உள்ளன. ஒரு சாண் உயரமே உள்ள சிற்பத்திலும் இடையின் வளைவும் காலின் தூக்கும் துலங்குகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் ஆடற்கலை எவ்வளவு செழித்திருந்தது என்பதற்கு இவை சான்றுகள். ஆயினும் அங்கே ஆடுவோர் யாவர் என்பதை அச்சிற்பங்கள் கூறுவதில்லை.

அவ்விடைவெளியை நிரப்பும் சான்று ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் அக்கோயிலில் ஆடற்பணி செய்யப் பல ஊர்களிலிருந்து 400 மகளிரை அழைத்துவந்து குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என அழைக்கப்பட்ட அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் வழங்கினான். அவர்களின் பெயரும் ஊரும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. இன்றைய தாராசுரத்தை ஒட்டியுள்ள பழையாற்றிலிருந்து சென்றவர்களும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். கலைஞரின் பெயரைப் பொறித்து வைத்ததும், அவர் வாழ்வுக்கு வழிசெய்ததும் அக்காலப் போற்றுதலின் இரு கூறுகள்.

காலம் மாறியது. அரசுகள் வீழ்ந்தபின் ஆடற்கலையை வழிவழியாகக் காத்துவந்த மகளிர் ஆதரவிழந்தனர். அவர்களின் கலையைச் சுவைத்த சமூகமே அவர்களை இழிவாகவும் நோக்கியது. சுரண்டலுக்கு இடமளித்த தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடினர். அதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. இம்மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் பேசும்படம் என்னும் புதிய அரங்கு கலைமகளிருக்குத் திறந்தது.

தஞ்சையிலிருந்து திரைக்கு

ராஜகுமாரி 1922ஆம் ஆண்டு தஞ்சாவூரில் பிறந்தார். இயற்பெயர் ராஜாயி. அவருடைய பாட்டி தஞ்சை குஜலாம்பாள் கருநாடக இசைப் பாடகி. சிற்றன்னை எஸ். பி. எல். தனலட்சுமி திரைப்பட நடிகை. இசையும் ஆடலும் பேசப்படும் வீட்டில் வளர்ந்தவருக்குக் கலை புதிதன்று. திரை மட்டுமே புதிது.

அவருக்கு உரிய இடத்தைத் தந்தவர் இயக்குநர் கே. சுப்பிரமணியம். அவரும் கும்பகோணத்துக்கும் தஞ்சைக்கும் இடையிலுள்ள பாபநாசத்தைச் சேர்ந்தவர். அவர் இயக்கிய ‘கச்ச தேவயானி’ 1941இல் வெளிவந்து ராஜகுமாரியை மக்களிடம் கொண்டுசென்றது. தொடர்ந்து ‘மனோன்மணி’ (1942), ‘சிவகவி’ (1943), ‘குபேர குசேலா’ (1943) ஆகிய படங்களில் அவர் நடித்தார். அக்காலத்தின் இருபெரும் நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதர், பி. யு. சின்னப்பா ஆகிய இருவருக்கும் இணையாக நடிக்கும் நிலையை விரைவில் எய்தினார்.

கொட்டகையும் சுவைஞரும்

இன்று ஒரு திரைப்படத்தை நினைத்த நேரத்தில் பார்க்கலாம். 1940களில் நிலைமை அவ்வாறில்லை. நகரங்களில் நிலையான திரையரங்குகள் இருந்தன. சிற்றூர்களுக்கு டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக்கொட்டகைகளே படங்களைக் கொண்டுவந்தன. மணல் பரப்பிய தரையில் அமர்ந்து பார்ப்போர் தரை டிக்கெட்டும், பின்வரிசையில் அமர்வோர் பெஞ்சு டிக்கெட்டும் வாங்கினர். காட்சி முடிந்தபின் சுவைஞரின் கையில் எஞ்சியது மலிவு விலைப் பாட்டுப் புத்தகம் ஒன்றே. எழுத்தறியாதவர் பிறர் படிக்கக் கேட்டுப் பாடலை மனப்பாடம் செய்தனர். இசைத்தட்டுகளும், ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற திரை இதழ்களும் அந்நினைவை நீட்டித்தன.

இத்தகைய சூழலில் 1944ஆம் ஆண்டு தீபாவளியன்று ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. உலகப்போரால் படச்சுருளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. படங்களின் நீளம் 11,000 அடிக்குள் அடங்க வேண்டும் என அரசு வரையறுத்திருந்தது. அவ்வரையறைக்குள் எடுக்கப்பட்ட இப்படம் சென்னை பிராட்வே திரையரங்கில் 110 வாரங்கள் ஓடியது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் எனப் பெயர்பெற்றது. இதில் நாயகனை மயக்கி வழிதவறச் செய்யும் ரம்பா என்னும் ஆடல்மகளாக ராஜகுமாரி நடித்தார். கதைப்படி அவர் வெறுக்கப்பட வேண்டியவர். மக்களோ அவர் தோன்றும் காட்சிகளைக் காண்பதற்காகவே மீண்டும் மீண்டும் வந்தனர். ‘கனவுக்கன்னி’ என்னும் பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தெரியுமா?

‘சந்திரலேகா’வைத் தயாரித்து இயக்கிய எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். ‘ஹரிதாஸ்’ நாயகர் தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) பிறந்தவர். தமிழ்த்திரையின் தொடக்கக் காலத்தை வடிவமைத்தவர்களுள் பலர் காவிரிப் படுகையின் மக்கள்.

பட்டம் மறைத்த உழைப்பு

‘கனவுக்கன்னி’ என்பது அன்பின் சொல்தான். எனினும் அச்சொல் ஒன்றை மறைக்கிறது. கனவு உறக்கத்தில் தானாகத் தோன்றுவது. நடிப்போ விழிப்பும் பயிற்சியும் வேண்டுவது. அதற்குச் சான்று 1948இல் வெளிவந்த ‘சந்திரலேகா’. பல ஆண்டு உழைப்பில் உருவான அப்படத்தின் தலைப்பு மாந்தராக ராஜகுமாரி நடித்தார். சிற்றூர்ப் பெண்ணாகவும், சர்க்கஸ் குழுவில் அடைக்கலம் புகுந்தவராகவும், பேருருவ முரசுகளின்மேல் ஆடும் ஆடல்மகளாகவும் அவர் ஒரே படத்தில் மாற வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கானோர் பல மாதங்கள் ஒத்திகை பார்த்து உருவாக்கியது அம்முரசு நடனம். இந்தியிலும் வெளிவந்து நாடெங்கும் வெற்றிபெற்ற அப்படம், தமிழகத்துக்கு வெளியிலும் அவருக்குப் பெயர் தேடித்தந்தது.

கனவுக்கன்னி என்னும் வேலியைத் தாண்டவும் அவர் தயங்கவில்லை. ‘மனோகரா’வில் (1954) சூழ்ச்சி நிறைந்த வசந்தசேனையாக நடித்தார். மக்கள் விரும்பிய முகத்தையே மக்கள் வெறுக்கும்படி செய்வது எளிதன்று. புகழைப் பெரிதாக எண்ணுபவர் அத்தகைய வேடத்தை ஏற்க அஞ்சுவர். கலையைப் பெரிதாக எண்ணுபவரே ஏற்பர்.

போற்றுதலின் மறுபக்கம்

அன்பு எல்லை கடந்தால் அது உரிமை கொண்டாடத் தொடங்கும். திரைக்கலைஞரின் நடிப்பை அறிய விரும்பிய ஆர்வம், அவர்தம் தனிவாழ்வை அறியும் ஆவலாகவும் திரிந்தது. அவ்வாவலை வணிகமாக்கிய இதழ்களும் தோன்றின. ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ ஆகியவை கலைஞர்களைப் பற்றிய அவதூறுகளை வெளியிட்டன. அவற்றை நடத்திய லட்சுமிகாந்தன் 1944இல் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைசென்று, 1947இல் விடுதலை பெற்றனர். ‘ஹரிதாஸ்’ அரங்கு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தபோது அதன் நாயகர் சிறையில் இருந்தார். அவதூற்றை எழுதியவர் ஒருவர். அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர் பலர். அவர்களுள் திரைச்சுவைஞரும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது.

கலைமகளிரின் நிலை இன்னும் கடினமானது. திரையில் அவர்கள் ஆடுவதை விரும்பிய குடும்பங்களே, தம் வீட்டுப் பெண்கள் நடிக்கச் செல்வதை இழுக்கு என்று கருதின. கலை வேண்டும், கலைஞரின் மதிப்பு வேண்டா என்னும் இம்முரண், முன்னர்க் கோயில் ஆடல்மகளிர் எதிர்கொண்ட முரணின் தொடர்ச்சியே.

தன் பெயரில் ஓர் அரங்கம்

இம்முரணுக்கு ராஜகுமாரி சொற்களால் விடை கூறவில்லை, செயலால் கூறினார். தம்பி டி. ஆர். ராமண்ணாவுடன் இணைந்து ஆர். ஆர். பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் இணைந்து நடித்த ஒரே படமான ‘கூண்டுக்கிளி’ (1954) அந்நிறுவனத்தின் படைப்பு. சென்னைத் தியாகராயநகரில் ‘ராஜகுமாரி’ என்னும் திரையரங்கையும் அவர் கட்டினார். பெண்கள் சொத்து நிருவகிப்பதே அரிதாயிருந்த காலத்தில், தன் உழைப்பின் பயனைத் தானே ஆண்ட பெண்ணாக அவர் விளங்கினார்.

‘வானம்பாடி’ (1963) படத்துக்குப்பின் அவர் திரையை விட்டு விலகினார். பழம்புகழை விளம்பரப்படுத்தாமல் அமைதியாக வாழ்ந்து 1999இல் மறைந்தார். கனவுக்கன்னி என்னும் உருவத்தைத் திரையிலேயே விட்டுவிட்டு, தமக்குரிய வாழ்வைத் தமக்கென வைத்துக்கொண்டார்.

எது மெய்யான சுவை?

தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிலைத்துள்ளன. ஆனால், எண்பது ஆண்டுகளுக்கு முன் கொட்டகைகளை நிறைத்த படங்களுள் பல இன்று இல்லை. தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) படச்சுருளே கிடைக்கவில்லை. அக்காலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் தன்மையுடையவை. பாதுகாக்கப்படாதவை வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்தன. சில, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே அழிக்கப்பட்டன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததே 1964இல்தான். வாரக்கணக்கில் வரிசையில் நின்ற பேரன்புகூட ஒரு படச்சுருளைக் காப்பாற்றப் போதுமானதாக இல்லை. ‘ஹரிதாஸ்’, ‘சந்திரலேகா’ ஆகியன எஞ்சியிருப்பது நம் நற்பேறு.

இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுண்டு. வியப்பு, போற்றுதலின் முதற்படி மட்டுமே. ஆடலில் எந்த அசைவு நம்மைக் கவர்ந்தது, அதன் பின்னுள்ள பயிற்சி யாது, அக்கலை எந்த மரபிலிருந்து வந்தது என்று அறிய முற்படுவது இரண்டாம் படி. கலைஞரைத் தம்மைப் போன்ற மனிதராக மதித்து, அவர்தம் தனிவாழ்வைத் தீண்டாதிருப்பது மூன்றாம் படி. அக்கலையைப் பின்வருவோர்க்குக் காத்துக்கொடுப்பது நான்காம் படி. முதற்படியிலேயே நின்றுவிடும் அன்பு, புதிய முகம் ஒன்று தோன்றியதும் இடம்மாறிவிடும்.

தாராசுரத்தின் ஆடல்மகளிர் சிற்பங்களைக் காணச் செல்லும்போது அவற்றின் அழகை வியப்பதோடு அமையாமல், அவர்தம் கால்நிலையையும் கைம்முத்திரையையும் உற்று நோக்குங்கள். பழைய திரைப்படம் ஒன்றைக் காணும்போதும் அவ்வாறே நோக்குங்கள். அதில் ஆடியவர், பாடியவர், ஆடல் அமைத்தவர் ஆகியோரின் பெயர்களைக் குறித்து வையுங்கள். கலைஞரின் பெயரை மறவாதிருப்பது, அவர்க்குச் சுவைஞர் செலுத்தக்கூடிய முதல் நன்றியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த முதியோரிடம் உரையாடி, அவர்கள் கூறும் செய்திகளைத் தொகுத்து எழுதுக.
2. கோயில் சிற்பம் ஒன்றில் உள்ள ஆடல்நிலையைப் பழைய திரைப்படத்தில் இடம்பெறும் ஆடல்நிலையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் பேசுக.

குறுவினா

1. தளிச்சேரிப் பெண்டுகள் யாவர்?
2. ‘கனவுக்கன்னி’ என்னும் பட்டம் எதனை மறைப்பதாகக் கட்டுரை கூறுகிறது?

நெடுவினா

‘வியப்பு, போற்றுதலின் முதற்படி மட்டுமே’ என்னும் கருத்தை டி. ஆர். ராஜகுமாரியின் கலைவாழ்வின்வழி விளக்குக.