வழக்கறிஞர் ஒழுங்கும் கட்சிக்காரர் நலனும்

மைசூரிலிருந்து உதகமண்டலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள வட்டத் தலைநகர் குண்டலுபேட்டை. நிலத் தகராறுக்கோ கடன் வசூலுக்கோ அங்குள்ள நீதிமன்றத்தை நாடும் உழவர், தம் பத்திரங்களையும் பணத்தையும் வழக்கறிஞரை நம்பி ஒப்படைக்கிறார். தாக்கல் செய்யாத வழக்கைத் தாக்கல் செய்ததாக அவ்வழக்கறிஞர் கூறிவந்தால், உழவர் எங்கே முறையிடுவது?

இதற்கு வழிசெய்வது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம். வழக்கறிஞரின் பெயர் எந்த மாநிலப் பதிவேட்டில் உள்ளதோ, அம்மாநில வழக்கறிஞர் மன்றத்திடம் புகார் அளிக்கலாம். கர்நாடகப் பதிவேட்டில் உள்ளவராயின் பெங்களூரிலுள்ள மன்றத்திடம் அளிக்க வேண்டும். புகாரில் அடிப்படை இருப்பதாக மன்றம் கருதினால், மூவர் கொண்ட ஒழுங்குக் குழு அதனை விசாரிக்கும். 35ஆம் பிரிவின்படி அக்குழு புகாரைத் தள்ளுபடி செய்யலாம்; கண்டிக்கலாம்; குறிப்பிட்ட காலத்துக்கு இடைநீக்கம் செய்யலாம்; பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். இடைநீக்கக் காலத்தில் இந்தியாவின் எந்த நீதிமன்றத்திலும் அவர் தொழில் செய்ய இயலாது. ஓராண்டுக்குள் முடிவுறாத புகார் இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு மாற்றப்படும். மாநிலக் குழுவின் ஆணையை எதிர்த்து இந்திய மன்றத்திலும், அதன் ஆணையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலும் 60 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

தமிழ்நாட்டில் எழுந்த ரங்கதுரை வழக்கு மாணவர் அறிய வேண்டியது. காது கேளாத முதியவர் ஒருவரின் கடன் பத்திர வழக்குகளைத் தாக்கல் செய்யாமலே, தாக்கல் செய்துவிட்டதாக வழக்கறிஞர் நம்பவைத்தார். மாநில மன்றம் விதித்த 6 ஆண்டு இடைநீக்கத்தை இந்திய மன்றம் ஓராண்டாகக் குறைத்தது. 1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, தண்டனைக்குப் புதிய நோக்கம் அளித்தது. பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் செலுத்தி, ஓராண்டு இலவச சட்ட உதவிப் பணி புரிய முன்வந்தால், இடைநீக்கம் முடியுமுன்பே, 1979 ஜனவரி 26 முதல், தொழிலைத் தொடரலாம் என்றது.

இத்தீர்ப்பு ஒரு குறையையும் புலப்படுத்துகிறது. 35ஆம் பிரிவு கூறும் ஆணைகளில் இழப்பீடு இடம்பெறவில்லை. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், நுகர்வோர் மன்றத்தின் வழியும் அடைபட்டது. இழப்பை ஈடுசெய்ய உழவர் மீண்டும் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது.

இடைநீக்கம் தொழிலின் மாண்பைக் காக்கிறது. ஏமாற்றப்பட்டவரின் இழப்பும் ஈடுசெய்யப்படும்போதே நீதி முழுமை பெறும்.