கொடி நடனத்துக்குப் பாட்டு வெட்ட எந்த மென்பொருள்?

கேள்வி: பலேர்மோவில் பொலிதேயாமாவுக்குக் கிட்ட வசிக்கிறேன். ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கு அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் பழக்கிய அனுபவம் உண்டு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அமெரிக்கப் பள்ளிகளின் ‘கலர் கார்ட்’ காணொளிகளைப் பார்த்துவிட்டு, கலை விழாவில் அதே மாதிரிக் கொடி சுழற்றி, எறிந்து, பிடித்து ஆட வேண்டும் என்கிறார்கள். நாலு நிமிடம் தந்திருக்கிறார்கள். பறை அடி, ஒரு பழைய சினிமாப் பாட்டு, ஒரு இத்தாலியப் பாட்டு மூன்றையும் கோர்க்க வேண்டும். ஆடாசிட்டி போதும் என்கிறான் மகன். காசு கட்டி அடோபி எடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டில் ஒரு விண்டோஸ் மடிக்கணினியும் ஐபேடும் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

பதில்: மகன் சொன்னது சரி, அக்கா. ஆனால் ‘இலவசம்’ என்பதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டாம். மூன்று பாட்டை வெட்டி ஒட்ட எந்த மென்பொருளும் போதும். பிரச்சினை அதற்குப் பிறகுதான். முதல் ஒத்திகையில் ஒரு பிள்ளை கொடியைப் பிடிக்கமாட்டாள், அந்த இடத்தில் நாலு எண்ணிக்கை கூட்டுவீர்கள். அடுத்த வாரம் மேடை சிறியது என்று தெரியவரும், நுழைவைக் குறைப்பீர்கள். விழா வருவதற்குள் அந்த நாலு நிமிடம் பல தடவை மாறும். அத்தனை திருத்தத்தையும் தாங்குகிற மென்பொருளே உங்களுக்கு வேண்டும். தையற்காரர் உள்தையலில் துணி விட்டு வைப்பதுபோல, வெட்டிய பகுதி உள்ளே மடிந்து கிடக்க வேண்டும்; கேட்டால் திரும்பி வர வேண்டும்.

பழைய ஆடாசிட்டியில் இது கிடையாது. 2021இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, வெட்டிய துண்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தால் மறைந்த பகுதி மீண்டும் வரும். 2022இல் வந்த 3.2 முதல், சில ஒலி விளைவுகளைப் பாட்டோடு நிரந்தரமாகக் கலக்காமல் போட்டுப் பார்த்து எடுக்கலாம். ஆகவே மடிக்கணினியில் இருப்பது எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். பாட்டை மட்டும் எம்பி3 ஆக வைத்துக்கொண்டு திட்டக் கோப்பை அழித்துவிடாதீர்கள். திருத்தம் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

அடோபி ஆடிஷன் நல்ல கருவி. ஒரு பாட்டை நீங்கள் கேட்கும் நீளத்துக்குத் தானே சுருக்கிக் கொடுக்கும் வசதிகூட அதில் உண்டு. ஆனால் எந்த அடியில் கொடி மேலே போகிறது என்று அதற்குத் தெரியாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்காக மாதாமாதம் சந்தா கட்டத் தேவையில்லை. பிற்பாடு ஆடாசிட்டி போதாது என்று தோன்றினால் ரீப்பரைப் பாருங்கள். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், தனிப்பட்ட பாவனைக்கான உரிமம் 60 டாலர், ஒரு தடவை கட்டினால் போதும்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் பழக்கிய உடற்பயிற்சிக் கண்காட்சியைப் போலவே இதுவும் எட்டு எட்டாக எண்ணுகிற வேலை. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில் ஓர் எட்டு நாலு விநாடி. நாலு நிமிடத்துக்கு 60 எட்டு. 96 அடி என்றால் ஓர் எட்டு ஐந்து விநாடி. நாலு நிமிடத்துக்கு 48 எட்டுத்தான். நுழைவுக்கு எத்தனை, பறைக்கு எத்தனை, கடைசி நிலைக்கு எத்தனை என்று முதலில் பங்கு போடுங்கள். பிறகு ஆடாசிட்டியில் பாட்டு ஓடும்போதே ஒவ்வொரு எட்டின் முதல் அடியிலும் கண்ட்ரோலையும் எம் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அடையாளம் விழும். அதில் ‘கொடி மேலே’, ‘வரிசை மாற்றம்’ என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். வெட்டுவதை அந்த அடையாளங்களில் மட்டும் வெட்டுங்கள். பாட்டின் வரி நடுவில் அறுந்தால் சபை பொறுத்துக்கொள்ளும். எட்டு அறுந்தால் பிள்ளைகளின் கால் தடுமாறும்.

வேகத்தை மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். 112 அடிப் பாட்டை 116 ஆக்கி அடுத்ததோடு சேர்த்தால் காதுக்குத் தெரியாது. 96ஐ 120 ஆக்கினால், சுருதி மாறாமல் இழுத்தாலும் பாடகர் குரல் கெட்டுவிடும். அங்கே வேகத்தை இழுக்காமல் பறை உருட்டு ஒன்றையோ இரண்டு எண்ணிக்கை மௌனத்தையோ இடையில் வையுங்கள். கொடிக்கும் ஒரு கணக்கு உண்டு. 120 அடி வேகத்தில் நாலு எண்ணிக்கை காற்றில் நிற்கும் கொடி இரண்டு விநாடியில் கைக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கையிலிருந்து கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரம் போக வேண்டும். இரண்டு எண்ணிக்கை மட்டும் என்றால் 1.2 மீட்டர் போதும். பாட்டை 5 சதவீதம் வேகமாக்கினால் எறியும் உயரம் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். வேகம் மாறிய பாட்டைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் ஒத்திகையில் போட்டால், பழகிய கை பழைய உயரத்துக்கே எறியும், கொடி பிந்தித்தான் வரும். மண்டபத்தின் கூரை உயரத்தையும் இந்தக் கணக்கோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தாலியின் ‘ஸ்பாண்டியராத்தோரி’க் கொடி எறிபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் மேளக்காரர் நிற்கிறார். கொடி விழுந்தால் அவர் பார்த்துக் காத்திருக்கலாம். கலர் கார்டின் மண்டபப் போட்டிகளோ, 1977இல் தொடங்கிய ‘விண்டர் கார்ட் இண்டர்நேஷனல்’ அமைப்பின் வழியில், பெரும்பாலும் பதிவு செய்த இசைக்கே ஆடப்படுகின்றன. பதிவு யாருக்காகவும் காத்திருக்காது. ஆகவே பெரிய எறிக்குப் பின் நாலு எண்ணிக்கை லேசான இசையாக விட்டு வையுங்கள். விழுந்த கொடியைக் குனிந்து எடுக்கப் பிள்ளைக்கு அந்த இடம் வேண்டும்.

கேள்வி: மடிக்கணினி மெதுவானது. ஐபேடில் உள்ள கராஜ்பேண்டிலேயே செய்துவிட முடியாதா?

பதில்: முடியும். வெட்டவும் கோர்க்கவும் அது போதும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் விழுகிற குழி ஒன்று அதில் இருக்கிறது. புதிய திட்டம் எட்டு பார் (ஒரு பார் நாலு அடி) நீளத்தோடு திறக்கும். 120 வேகத்தில் அது வெறும் 16 விநாடி. நாலு நிமிடப் பாட்டை உள்ளே போட்டால் 16 விநாடியோடு நின்றுவிடும், பாட்டு பழுது என்று நினைப்பீர்கள். வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு நீளத்தைத் ‘தானியங்கி’ ஆக்குங்கள். முடிந்ததை டபிள்யூஏவி கோப்பாக எடுத்து வையுங்கள். நாலு நிமிடத்துக்கு 40 எம்பிக்குக் கிட்ட வரும், பென் டிரைவில் அது ஒன்றும் பெரிதில்லை. எம்பி3 ஆக்கி, அதை வெட்டி, மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் ஒலி கொஞ்சம் தேயும். தொடக்கத்தில் சிறு மௌனமும் சேரும்.

கேள்வி: சினிமாப் பாட்டில் பாடகர் குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் வைக்க முடியுமா?

பதில்: இப்போது முடியும். டீசர் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் டெமக்ஸ் போன்றவை குரலையும் தாளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். பழைய மோனோ பதிவுகளில் தபேலாவுக்குள் குரலின் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நிழல் தெரிந்தால் அந்த இடத்தில் பறையைச் சேர்த்து மூடலாம்.

கேள்வி: இந்தப் பாட்டுகளைப் பொது மேடையில் போட அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். இத்தாலியில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் உரிமையைப் பார்ப்பது பெரும்பாலும் சியாயே. 1882இல் தொடங்கிய சங்கம். அனுமதியை விழாவை நடத்துகிறவர் முன்கூட்டியே எடுக்க வேண்டும். போட்ட பாட்டுகளைப் ‘போர்தெரோ’ என்ற பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். நுழைவு இலவசம் என்றாலும் விட்டுவிடாமல் கேட்டு உறுதிசெய்யச் சொல்லுங்கள். உங்களிடம் பட்டியல் கேட்டால் பாட்டின் பெயர், இசையமைப்பாளர், எத்தனை நிமிடம் என்று எழுதிக் கொடுங்கள். கடைசி வாரத்தில் ஒரு பாட்டை மாற்றினால் அந்தப் பட்டியலையும் மாற்றச் சொல்ல மறக்காதீர்கள்.