ஆயுர்வேதம் கூறும் நாளொழுக்கம்

ஆயுர்வேதம் என்னும் வடசொல், ஆயுள் என்பதும் வேதம் என்பதும் கூடி அமைந்தது. வாழ்நாளைப் பற்றிய அறிவு என்பது அதன் பொருள். மருந்து நூல் என்று பெயரிடாது வாழ்நாள் நூல் என்று பெயரிட்டமை கருதத்தக்கது. வந்த நோயைத் தீர்த்தல் இந்நூலின் ஒரு பாதி. வாராமற் காத்தல் மற்றொரு பாதி. அப் பிற்பாதியே இக்கட்டுரைக்குப் பெரும்பான்மையும் பொருளாகும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இத்துறை முற்றும் புதிதன்று. பதினெண்கீழ்க்கணக்கினுள் மூன்று நூல்கள் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டு நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் கூடியது திரிகடுகம். ஏலம் முதலாகிய ஆறு பொருள்களாலாயது ஏலாதி. சிறிய ஐந்து வேர்களாலாயது சிறுபஞ்சமூலம். இது வடநூலார் ‘லகு பஞ்சமூலம்’ என்பதற்கு நேர்பெயர். கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் இருவர் பட்டியிலும் உள. புலவர் ஒரு பொருளை நூற்பெயராக்கி அதனால் உவமை கொள்வாராயின், அப்பொருளைப் படிப்போர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஆதலின் இம்மருந்துகள் அக்காலத் தமிழ் மக்கள் நன்கு பழகியவை என்று கொள்ளுதல் தவறாகாது. நம் நாட்டுச் சித்த மருத்துவம் தனி நூல்மரபு உடையது. எனினும் வாதம், பித்தம், கபம் என்னும் பகுப்பு இரண்டிற்கும் பொது.

ஆயுர்வேதத்திற் பெருநூல்கள் மூன்று: சரக சம்ஹிதை, சுசுருத சம்ஹிதை, வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம். சரகம் உடல் மருத்துவத்திற்கும் சுசுருதம் அறுவை மருத்துவத்திற்கும் பெயர்பெற்றன. மூக்கிழந்தவனுக்கு அவன் தோலைக்கொண்டே புதுமூக்கு அமைக்கும் முறை சுசுருதத்தில் உண்டு. அத்தகைய சிகிச்சை ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்த செய்தி 1794-ஆம் ஆண்டு லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. ஆங்கில மருத்துவர் சிலர் அதனைக் கண்டு அம்முறையை மேற்கொண்டனர். வாக்படர் நூலோ முன்னிரண்டையும் சுருக்கிச் செய்யுளாற் கூறுவது. இன்றும் கேரள வைத்தியர் பெரிதும் பயில்வது. நாளொழுக்கத்தை அந்நூல் இரண்டாம் அத்தியாயத்திலும், பருவ ஒழுக்கத்தை மூன்றாம் அத்தியாயத்திலும் வைத்துள்ளது. நோய்ப்பெயர்களைத் தொடங்குமுன் விடியற்காலையில் எழுதலைப் பற்றிப் பேசும் மருத்துவ நூல் இது.

இனி, இவர்தம் அடிப்படைக் கொள்கை. உடலில் இயக்கம் எல்லாம் வாதத்தின் செயல். வெம்மையும் செரிப்பும் பித்தத்தின் செயல். நெய்ப்பும் பிணிப்பும் கபத்தின் செயல். இம்மூன்றும் தத்தம் அளவில் நிற்பின் நலம். மிகினும் குறையினும் நோய். இளமையிற் கபமும், நடுப்பருவத்திற் பித்தமும், முதுமையில் வாதமும் மேலோங்கும் என்பர். ஒரு பகலின் மூன்று கூறுகளுக்கும் இவ்வாறே உரைப்பர். இக்கொள்கையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. ஆய்வுக்கூடத்திற் குடுவையில் எடுத்துக் காட்டத்தக்க பொருளன்று வாதம். எனினும் ஒரே உணவு ஒருவனுக்கு ஒத்தும் மற்றொருவனுக்கு ஒவ்வாமலும் இருப்பதைக் கூர்ந்து நோக்கியவர், தாம் நோக்கியதை வகைப்படுத்துதற்கு அமைத்துக்கொண்ட சட்டம் இது என்று யான் கருதுகிறேன். சட்டம் பழையதாயினும் நோக்கு மெய்யானது.

அந்நோக்கின் கூர்மை உணவைப் பற்றிய பகுதியில் நன்கு விளங்கும். வயிற்றிலுள்ள செரிக்கும் ஆற்றலைத் தீ என்று உருவகித்து, சமன்பட்டது, ஒழுங்கற்றது, கடியது, மந்தமானது என அதனை நான்கு வகைப்படுத்துவர். முன் உண்டது அற்றதன் பின்னரே மறுபடி உண்ணல் வேண்டும். வயிற்றை நான்கு கூறாக்கி, இரண்டு கூறு திண்ணிய உணவாலும் ஒரு கூறு நீராலும் நிரப்பி, எஞ்சிய ஒரு கூறு காற்றியங்க வெறுமையாக விடுக என்பது வாக்படர் விதி. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதை இதனோடு வைத்து நோக்குவார் வியப்புறுவர். அதன் பத்துக் குறள்களில் ஆறு உணவைப் பற்றியன. எம்மருந்தின் பெயரும் அவ்வதிகாரத்தில் இல்லை. வயிற்றுத்தீயின் அளவறியாது உண்பவன் நோயுறுவான் என்னும் கருத்தும் அங்கு உண்டு.

இரவில் தயிர் உண்ணலாகாது என்பது சரகர் விலக்கு. நம் விடுதி மேசைக்கு வரும் தயிர், வரும்பொழுதே மோராகிவிடுதலின் நம்மவர் இவ்விதியை மீறுதற்கு வழியில்லை.

நாளொழுக்கத்தில் ஏனைய விதிகளைச் சுருங்கக் கூறுவேன். நலமுடையோன் விடியுமுன் எழுதல் வேண்டும். பல்துலக்க ஆல், எருக்கு, கருங்காலி, புங்கு, மருது முதலியவற்றின் குச்சி ஆகும். எண்ணெய் தேய்த்தல் நாடோறும் செய்யத்தக்கது. சிறப்பாகத் தலை, செவி, உள்ளங்கால்களில் தேய்த்தல் வேண்டும். தீபாவளிக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்ட மாணவருலகத்துக்கு இது கடுமையான விதியே. உடற்பயிற்சி தன் வலிமையிற் பாதியளவே செய்க என்பர் சுசுருதர். வலிமை முழுதும் வற்றும்வரை முயல்வதே வீரம் என்று எண்ணும் நம் ஆட்டக்களத் தோழர்கள் இவ்வொரு விதியையேனும் கேட்பாராக.

உறக்கத்தைச் சரகர் உணவோடு ஒப்பவைத்து, உடலைத் தாங்கும் தூண்களுள் ஒன்று என்கிறார். இரா விழித்தல் உடலை வறளச் செய்யும். பகலுறக்கம் கபத்தைப் பெருக்கும். வேனிற்காலம் ஒன்றே அதற்கு விலக்கு. முதியோர், குழந்தைகள், நோயால் மெலிந்தோர் போன்றார்க்கு எக்காலத்தும் தடையில்லை. உட்கார்ந்தபடியே சிறிது கண்ணயர்தல் மட்டும் இவ்விரு தீமையும் செய்யாது என்று அவர் கூறியிருப்பது, பிற்பகல் வகுப்பிற் கடைசி வரிசையில் அமர்வார்க்குப் பேராறுதலாகும். தேர்வு நெருங்குங்கால் நள்ளிரவு கடந்தும் விளக்கெரித்து, அதன் பின்னரும் கைப்பேசியை விடாதவர்க்கு அவர் எவ்வாறுதலும் கூறவில்லை.

இவையனைத்தினும் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது, ‘அடக்கத்தகாத வேகங்கள்’ என்னும் பகுதி. சிறுநீர், மலம், தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, கண்ணீர், உறக்கம் முதலாகப் பதின்மூன்றினை எண்ணி, இவற்றை வலிந்து அடக்குதல் நோய்க்கு வாயில் என்கிறார் சரகர். கண்ணீரை இப்பட்டியிற் சேர்த்த பெருந்தன்மையை நோக்குக. இதனை அடுத்தே அடக்கத்தக்க வேகங்களையும் கூறுகிறார்: பேராசை, அச்சம், சினம், செருக்கு, அழுக்காறு, கடுஞ்சொல் முதலியன. நாமோ பெரும்பாலும் முதற்பட்டியை அடக்கி இரண்டாம் பட்டியை அவிழ்த்துவிடுகிறோம்.

நிற்க. மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு: மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன், பிணியாளன். ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளும் இந்நான்கையே கூறும். ஒவ்வொன்றிற்கும் நான்கு இயல்புகள் வேண்டும் என்பது ஆயுர்வேத நூலார் துணிபு. பரிமேலழகரும் தம் உரையில் அவ்வாறே விரிப்பர். ஈண்டு ஒரு வேற்றுமை காணத்தக்கது. பிணியாளனுக்கு வேண்டுவனவாகச் சரகர் எண்ணுவன நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, நோயை எடுத்துரைத்தல் என்பன. வாக்படர் நினைவாற்றலை விடுத்து அவ்விடத்திற் பொருளுடைமையை வைத்தார். பரிமேலழகர் உரையிலும் பொருளுடைமையே காணப்படுகிறது. அவர் வாக்படர் மரபைத் தழுவினார் போலும்.

பொருளில்லான் பிணியாளன் ஆதற்கும் தகுதியற்றவனோ என்று இவ்விடத்து மனம் கேட்கின்றது. உலகியலை உள்ளவாறு கூறினார் என்று உரையாசிரியருக்காக வழக்காடலாம். மருந்தும் பத்தியமும் பொருளின்றி அமையா. ஆயினும் இவ்விரு பட்டிகளுள் ஒன்றைக் கொள்க என்றால் யான் சரகர் பக்கமே நிற்பேன்.

ஆயுர்வேத மருந்துகளை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா எஞ்சியுள்ளது. சோதித்து அறியப்பட்டவற்றை நம்பலாம் என்பதே என் விடை. சர்ப்பகந்தி என்னும் வேர் குருதியழுத்தத்தைக் குறைக்கும் என்று கணநாத சேனரும் கார்த்திக் போசும் 1931-இல் எழுதினர். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் தாம் நோயாளரிடத்துக் கண்டதை ஆங்கில இதழில் வெளியிட்டார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்துப்பொருள் பிரிக்கப்பட்டது. நாட்டு வேர் ஒன்று உலக மருத்துவத்தில் இடம்பெற்ற வரலாறு இது. மறுபுறமும் காண்க. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த கடைகளில் விற்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள்கள் காணப்பட்டன. மூலிகை என்றாலே தீங்கற்றது என்பது பிழை.

எம் உறவினருள் முதியவர் ஒருவர் நீரிழிவு உடையவர். மூன்று திங்களில் நோய் வேரோடு அகலும் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்த சூரணத்தை நம்பி இன்சுலினை நிறுத்தினார்; காலிலுற்ற சிறு புண் ஆறாது பெருகிப் பாதத்தை இழந்தார். இதனை ஆயுர்வேதத்தின் குற்றம் என்று வீட்டார் சிலர் கூறுவர். யான் நூலைப் புரட்டிப் பார்த்தேன். சரகர் நீரிழிவை இருபது வகையாக்கி, கபத்தால் வரும் பத்தும் தீர்வன, பித்தத்தால் வரும் ஆறும் ஒருவாறு தாங்கி நிறுத்தத்தக்கன, வாதத்தால் வரும் நான்கும் தீராதன என்று வரையறுத்துள்ளார். மதுமேகம் அத் தீராத நான்கனுள் ஒன்று. அவரே பிறிதோரிடத்தில் மருத்துவரை இருவகையாகப் பிரித்து, ஒருவகையார் உயிருக்குத் துணை, மற்றொரு வகையார் நோய்க்குத் துணை என்று எழுதியிருக்கிறார். சூரணம் விற்றவர் அப்பக்கத்தைப் படித்திருக்கமாட்டார்.