வெள்ளி ரூபாயை ஏலம் கேட்கும் முன்

முதலில் எடை. ராஜா தலையும் வருஷமும் அப்புறம்தான்.

1835 முதல் 1945 வரை பிரிட்டிஷ் இந்தியா அச்சடித்த வெள்ளி ஒரு ரூபாய் எல்லாமே 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ‘ஒரு ரூபாய் எடை’ என்று அந்தக் காலத்து வைத்தியர்கள் மருந்துச் சரக்கை நிறுத்தது இந்தக் காசை வைத்துத்தான். நான்காம் வில்லியம், விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காசுகளில் வெள்ளி 91.7 சதவீதம். கிராமில் சொன்னால் 10.69. ஆறாம் ஜார்ஜிடம் மட்டும் உஷாராக இரு, கண்ணு. 1938, 1939 என்று போட்டிருந்தால் பழைய தரம்தான். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். யுத்த நேரத்து வெள்ளித் தட்டுப்பாடு. அதே முகம், அதே எடை. தெரியாதவள் இரண்டுக்கும் ஒரே விலை கேட்பாள். பாதி வெள்ளிக் காசின் விளிம்பில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு ஓடும். 1947 ரூபாய் நிக்கல். பின்பக்கம் புலி நிற்கும், காந்தத்தில் ஒட்டும்.

ஆகவே எந்த லாட்டைத் திறந்தாலும், அன்றைய வெள்ளி ரேட்டை 10.69-ஆலோ 5.83-ஆலோ பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொள். அதுதான் உன் அடிமட்டம். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தக் காசு காரணம் காட்ட வேண்டும். 1862-ம், 1912-க்குப் பிந்தைய பெரும்பாலான ஐந்தாம் ஜார்ஜ் காசுகளும் கோடிக்கணக்கில் அச்சானவை. விற்கிறவர் ‘ரேர்’, ‘வெரி ரேர்’ என்று எத்தனை முறை போட்டாலும், தேய்ந்த 1862 தேய்ந்த 1862-தான். (அதில் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணி வகை பிரித்துச் சேர்க்கிறவர்கள் உண்டு. அது தனிப் பைத்தியம். இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதே.)

உண்மையிலேயே கூடுதல் விலை பெறுபவையும் இருக்கின்றன. 1911 ரூபாயில் ஜார்ஜ் மன்னர் மார்பில் ஒரு பதக்கச் சங்கிலி. அதில் இருக்கும் யானையின் துதிக்கை கட்டையாக விழுந்ததால் பார்வைக்குப் பன்றி மாதிரி தெரிந்தது. முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, காசைத் திரும்பப் பெற்று, 1912-ல் துதிக்கையை நீட்டினார்கள். ‘பிக் ருப்பி’ என்று ஏலத்தில் வருவது இதுதான். சில பேர் 1912 காசுக்கே அந்தப் பெயரைச் சூட்டி விற்பார்கள். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி வருஷத்தைப் படி. 1939 ரூபாய் நிஜமாகவே அரிது. அதனாலேயே போலியும் அதிகம்: 1938-ன் 8-ஐச் செதுக்கி 9 ஆக்குவது கைதேர்ந்த ஆளுக்குப் பெரிய வேலையில்லை. சான்றிதழ் இல்லாத 1939 ‘சல்லிசாக’ வந்தால் பக்கத்தை மூடிவிட்டுச் சமையலைக் கவனி.

இன்னொன்று காசே இல்லை. ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’ என்று மறுபக்கம். கம்பெனி அப்படி எதையும் அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்துவிட்ட வில்லை. ‘சக்தி உள்ளது, அரிசியை இழுக்கும்’ என்று கதையும் கூடவே வரும்.

இனி படம். நேரம் செலவாக வேண்டிய இடம் இது. நம் வீடுகளில் விக்டோரியா காசும் ஜார்ஜ் காசும் காசுமாலைக்கும் சாவிக்கொத்துக்கும் போயின. கொக்கி வைத்துப் பற்றவைத்ததைப் பிறகு எடுத்துவிட்டு ஏலத்துக்கு அனுப்புவார்கள். தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் 12 இருக்கும் இடத்தில், விளிம்பைப் பார். வரிகள் அங்கே மட்டும் மழுங்கியிருக்கும், அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். அப்படிப்பட்ட காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் அதிகம் கேட்காதே. முன்பக்கம், பின்பக்கம் இரண்டு படம் மட்டும் போட்டிருந்தால் விளிம்புப் படம் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பு. தர மறுத்தால் அதுவே உனக்குப் பதில்.

பளபளப்பைப் பார்த்து மயங்காதே. கார்த்திகைக்கு விளக்குத் தேய்ப்பதுபோல விபூதியும் சபீனாவும் போட்டுத் தேய்த்த காசுகள் நிறைய உண்டு. மெல்லிய இணைகோடுகள் காசு முழுக்க ஓடும். எழுத்தின் ஓரங்கள் மொழுக்கென்று இருக்கும். பள்ளங்களில்கூடக் கறுப்பே இருக்காது. நூறு வருஷக் காசில் கறுப்பு இருப்பதுதான் இயல்பு, சேகரிப்பவர்கள் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். வார்ப்புப் போலியில் மேற்பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் தெரியும், எழுத்து ஊதியிருக்கும். தரச்சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் சீல் வைத்த பெட்டியில் வந்தால் நிம்மதி, ஆனால் பாதி நிம்மதிதான். சான்றிதழ் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டி, அங்கே படம் இருந்தால் ஒப்பிட்டுப் பார். பெட்டியிலும் போலி வந்துவிட்டது. லேபிளில் ‘டீடெய்ல்ஸ்’ என்று இருந்தால் கழுவியதோ அடிபட்டதோ என்று அர்த்தம்.

விலை தெரிந்துகொள்ள, கடைத் தளங்களில் ஆசைப்பட்டுப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதே. அந்த விலைக்கு ஒருவரும் வாங்காததால்தான் அது இன்னும் அங்கே தொங்குகிறது. மும்பை, பெங்களூர், அகமதாபாத் ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலைப்பட்டியலை வெளியிடுகின்றன. அதே வருஷம், அதே தரம், நாலைந்து விற்பனையைக் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, நம் ஆட்கள் மறந்துபோகும் கணக்கு. ஏலத்தில் நின்ற விலை நீ கட்டும் விலை இல்லை. அதன் மேல் ஏலக் கமிஷன், வரி, கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் ஏறும். இடத்துக்கு இடம் மாறும் என்பதால் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை முழுசாகப் படி. உதாரணத்துக்கு, கமிஷன் 15 சதவீதம், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கூரியர் 200 ரூபாய் என்று வை. கையில் 5,000 இருந்தால் 5,000 வரை கேட்கலாம் என்று நினைக்காதே. பின்னாலிருந்து கணக்குப் போட்டால் 4,050-லேயே நீ நின்றுவிட வேண்டும்.

அந்தத் தொகையைப் பகலில் முடிவு செய், ராத்திரியில் அல்ல. பெரும்பாலான தளங்களில் உன் உச்சவரம்பை முன்கூட்டியே போட்டுவைக்கலாம். அடுத்தவர் கேட்கக் கேட்க, அவரைவிட ஒரு படி மட்டும் கூட்டி அதுவே உனக்காகக் கேட்கும். 4,050 போட்டாலும் போட்டியில்லை என்றால் 2,800-க்கே விழலாம். போட்டுவிட்டு போனைக் கீழே வை. கடைசி நொடியில் தட்டிப் பிடிக்கலாம் என்ற தந்திரம் எல்லா இடத்திலும் பலிக்காது. கடைசி நிமிஷத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும் தளங்கள் நிறைய. அந்த நீட்டிப்பில்தான் மனுஷி புத்தி போகும். ‘இன்னும் நூறுதானே’ என்று ஏழு நூறு ஏறியிருக்கும்.

கேட்டவர்கள் பட்டியலையும் ஒரு கண் பார். ஒரே விற்பனையாளரின் எல்லா லாட்டிலும் ஒரே பெயர் விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் நழுவுகிறதா? ‘விற்றுவிட்டது’ என்ற காசே அடுத்த மாதம் திரும்ப வருகிறதா? அங்கே உனக்கு வேலையில்லை.

பழைய காசை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் கட்டணம் கட்டு என்று ரிசர்வ் வங்கி பேரில் வரும் அழைப்பும் வேண்டாம். அப்படி எந்த வியாபாரமும் தாங்கள் செய்வதில்லை என்று 2021-லேயே அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் மாமா கேட்கிறார் என்று விக்டோரியா காசைத் தபாலில் அனுப்பிவிடாதே: நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், நாம் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது.

பார்சல் வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரி. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள். தேய்ந்த காசு 11.5-க்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டினால் கவலையில்லை, 10.8 காட்டினால் கேள்வி கேள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க முக்கு. நல்ல 91.7 காசென்றால் தராசு 1.13 சுமார் காட்டும். பாதி வெள்ளிக் காசு 1.22. பித்தளை, ஈயக் கலப்புக்கு இந்த எண் ஒத்துவராது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிடு. ஈரத்தை ஒற்றி எடு, தேய்க்காதே. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் வெள்ளி கறுக்கும். கொழகொழ பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சைப் பிசுக்கு ஏறும். கெட்டியான காப்ஸ்யூல் பெரிய விலையில்லை.

முதல் ஏலமே விக்டோரியாவாக இருக்க வேண்டியதில்லை. 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீத வெள்ளி. கணக்குப் போட்டால் 12 கிராம், விக்டோரியா ரூபாயைவிட அதிகம். அதில் 1869–1948 என்றுதான் இருக்கும். விற்கிறவர் ‘1869 காசு’ என்று தலைப்புப் போட்டால் ஏமாறாதே. அதே காந்தி முகத்தோடு நிக்கலில் ஒரு ரூபாயும் ஐம்பது காசும் வந்தன. படத்தில் பின்பக்கம் 10 என்ற எண் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கேள்.