ஆதனக்கோட்டை முந்திரியும் அம்மாவின் போனும்

சமூக ஊடகத்தை வைத்து ஒரு சின்ன வியாபாரத்தை எப்படி ஆரம்பிக்கிறது என்று இந்த மாதம் எழுதுகிறேன். இது நம்ம பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனால் நம்ம வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பூவோ, பாலோ, பலகாரமோ ஏதாவது ஒரு வியாபாரம் நடக்குது. அதனால்தான் எழுதுறேன்.

முதலில் நமக்கெல்லாம் தெரிஞ்ச உதாரணம். நம்ம புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018-ல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். தாத்தா முன்னாடி சமையல் வேலை பார்த்தவர். 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவங்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அதே 2021-ல் தமிழ் யூடியூப் சேனல்களிலேயே முதல் ஆளாக 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அப்போது கொரோனா நிவாரணத்துக்காக முதலமைச்சர் நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2022-ல் விக்ரம் படத்திலும் வந்தார்கள்.

அந்த வீடியோவில் கதை பேசுறதே இல்லை, கவனிச்சிருக்கீங்களா? வெட்டவெளி, பெரிய சட்டி, போடுற பொருளின் பேரை மட்டும் சத்தமாகச் சொல்றது, அவ்வளவுதான். தமிழ் தெரியாதவங்களுக்கும் புரியும். வாராவாரம் ஒரே மாதிரி எடுத்ததால் பார்க்கிறவர்களுக்கும் பழகிப்போச்சு.

இதில் பணம் எப்படி வருது? யூடியூப்பில் விளம்பர வருமானம் வரணும்னா 1000 சந்தாதாரர்கள் வேணும். அதோடு கடைசி 12 மாதத்தில் மக்கள் பார்த்த நேரம் எல்லாம் கூட்டினால் 4000 மணி நேரம் வரணும். (ஷார்ட்ஸுக்கு வேற கணக்கு.) 4000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஒருத்தர் 5 நிமிடம் பார்த்தால் 48,000 தடவை பார்க்கணும். நான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், மலைப்பா இருந்துச்சு. அதுக்கு அப்புறம்தான் விளம்பரப் பணத்தில் 100-க்கு 55 ரூபாய் சேனல்காரருக்கு, மீதி யூடியூப்புக்கு.

ஆக, அவங்க விற்கிற பொருளே வீடியோதான். எங்க அம்மா விற்கிறது முந்திரிப் பருப்பு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் நிறைய பேர் "நமக்கு அவ்வளவு பேர் வரமாட்டாங்க" என்று விட்டுவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையைத் தாண்டிப் போனவங்களுக்குத் தெரியும். ரோட்டோரம் புகை வரும். முந்திரிக்கொட்டையைச் சட்டியில் போட்டு வறுக்கும்போது தோலில் இருக்கிற எண்ணெய் தீப்பிடிச்சு எரியும். இறக்கி ஆறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகத் தட்டி உடைக்கணும். அந்த எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். அம்மாவின் விரல் நுனியில் ரேகையே சரியாகத் தெரியாது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறதுக்கு மூன்று நாலு தடவை அழுத்த வேண்டியிருக்கு. இவ்வளவு பாடுபட்டு உடைத்தாலும், கார் நின்றால்தான் வியாபாரம். நிற்காத நாளில் பொட்டலம் அப்படியே வீட்டுக்கு வரும்.

கார்க்காரர் "பருப்பு நல்லா இருக்கும்மா, அடுத்த தடவை வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்பார். அவர் அடுத்த தடவை எப்ப வருவார்? வந்தாலும் எங்க அம்மாவிடமே நிற்பாரா? பக்கத்தில் இருபது பேர் விற்கிறாங்களே. எங்க மாதிரி வியாபாரத்துக்கு 1 கோடி பேர் வேண்டாம். ஒரு தடவை வாங்கினவர் தொலைந்துபோகாமல் இருந்தால் போதும். போன் எங்களுக்கு உதவுறது அதுக்குத்தான்.

வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018-ல் வந்தது. இலவசம். அதில் கடைப் பேர், இடம், திறக்கும் நேரம் எல்லாம் போடலாம். கேட்லாக் என்று ஒரு பகுதி இருக்கு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், எடை, விலை போட்டு வைத்தால் "எவ்வளவு, எவ்வளவு" என்று கேட்கிறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டாம். படத்தைக் காலை வெயிலில், வெள்ளைத் துணி விரித்து எடுங்க. இணையத்தில் இருந்து பளபளன்னு ஒரு படத்தை எடுத்துப் போடாதீங்க. பொட்டலத்தைப் பிரித்ததும் வித்தியாசம் தெரிஞ்சுடும். நாங்க அம்மா கொட்டை உடைக்கிற கையைத்தான் முதல் படமாகப் போட்டோம்.

அந்த முதல் ஸ்டேட்டஸைப் பார்த்தவங்க 11 பேர். எல்லாரும் சொந்தக்காரங்க. ஒரு பொட்டலமும் விற்கலை. "ஏன்டி உங்கம்மா முந்திரியா போடுறா?" என்று பெரியம்மா கேட்டதுதான் மிச்சம். அதற்கப்புறம் பொட்டலத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்க ஆரம்பித்தோம். அதில் கடைப் பேர், போன் நம்பர், "இந்த நம்பரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வரி. இந்த வரி முக்கியம். பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரே தடவையில் 256 பேர் வரைக்கும் செய்தி அனுப்பலாம். ஆனால் நம்ம நம்பரைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். குரூப் ஆரம்பிக்க வேண்டாம், ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சுடும். போன தீபாவளிக்குப் போனில் வந்த ஆர்டர் நாலு, மொத்தம் 6 கிலோ. சிரிக்காதீங்க. அந்த 6 கிலோவுக்கு அம்மா வெயிலில் உட்காரவே இல்லை.

பெரிய சிக்கல் செயலி இல்லை. போன் யார் கையில் இருக்கு என்பதுதான். எங்க வீட்டில் இருந்த ஒரே டச் போன் அப்பாவோடு லோடு வண்டியில் போயிடும். பகலில் கேட்டவருக்கு ராத்திரி பதில் போகும், அதுக்குள்ள அவர் வேற இடத்தில் வாங்கியிருப்பார். அம்மாவுக்குத் தனி போன் வேணும் என்று பேச்சு வந்தப்ப, "பொம்பளைக்கு எதுக்கு தனி போன்?" என்று வீட்டில் ஒரு குரல் வந்துச்சு. அப்பாயிதான் பதில் சொன்னாங்க. "சைக்கிள் ஓட்டுனப்பவும் இதைத்தான்டா கேட்டாங்க." 1991-ல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அதில் அப்பாயியும் ஒருத்தர். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் கீரையைச் சந்தைக்குக் கொண்டுபோனதாகச் சொல்வாங்க. குழுவில் கடன் வாங்கி இப்ப அம்மாவுக்குப் போன் வாங்கியாச்சு. நம்பரை மாற்றவே கூடாது, ரீசார்ஜ் பண்ணாமல் ரொம்ப நாள் விட்டால் நம்பர் வேற ஆளுக்குப் போயிடும். துண்டுச் சீட்டெல்லாம் வீணாயிடும்.

தின்பண்டம் விற்கிறவங்க சின்ன வியாபாரமாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். 14 இலக்க எண் கொடுப்பாங்க, அதைப் பொட்டலத்தில் போடணும். பார்சலில் அனுப்பும்போது முந்திரி காற்றுப் பட்டால் நமுத்துப்போகும், அதனால் இரண்டு உறை போட்டு ஒட்டணும். பணம் வந்த பிறகு அனுப்புங்க. "நான் மிலிட்டரி ஆபீசர், 20 கிலோ வேணும், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று யாராவது பேசினால் வைத்துவிடுங்க. பணம் வாங்குறதுக்கு ரகசிய எண் தேவையே இல்லை, கொடுக்கிறதுக்குத்தான் தேவை. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் பண்ணணும். கணக்கு பெரியவங்க பேரில்தான் இருக்கணும். நம்ம படத்தையோ பள்ளிக்கூடப் பேரையோ கடைப் பக்கத்தில் போட வேண்டாம்.

கீரமங்கலம் பக்கம் இருந்து வர்ற தோழிகள் பூவுக்கு என்ன பண்றதுன்னு கேட்டாங்க. பூவைப் பார்சலில் அனுப்ப முடியாது, சாயங்காலத்துக்குள் வாடிடும். அதனால் தூரத்து ஆட்கள் உங்களுக்கு வேண்டாம். பக்கத்து ஊர்களில் மாலை கட்டுறவங்க, கோயில் பூசாரி, கல்யாண மண்டபம் நடத்துறவங்க நம்பரை மட்டும் சேர்த்து, விடியக்காலையில் அன்றைய விலையோடு படம் அனுப்பச் சொல்லுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி