இலங்கைக்கு ஒரு வாரம்: ஊருக்கு முன் மாதத்தைப் பாருங்கள்

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். மே மாதக் கடைசியில் ஒரு வாரம் லீவு. மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் முதல்முறையாக இலங்கை போக ஆசை. கொழும்பு, காலி, கண்டி, நுவரெலியா, சிகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். எந்த மாதம் போகிறீர்கள் என்பதை வைத்து, தீவின் எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பரப்பில் இலங்கை தமிழ்நாட்டில் பாதிதான். ஆனால் 2,500 மீட்டர் வரை உயரும் மலைநாடு அதன் நடுவே நின்று பருவக்காற்றுகளை மறிக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கொழும்பிலும் காலியிலும் மலையின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டிவிட்டு, மறுபுறம் வறண்டு இறங்குகிறது. அதே மாதங்களில் திருகோணமலையில் வெயிலும் அமைதியான கடலும் இருக்கும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாகும். அந்த மண்ணின் மக்களும் இதை அனுசரித்தே நடக்கிறார்கள்: மலைநாட்டிலுள்ள சிவனொளிபாத மலைக்கான யாத்திரை டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் லீவு தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் வருகிறது. 2017 மே கடைசியில் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் 200-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. ஆகவே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் வடகிழக்கே போய்விடுங்கள். சிகிரியாவில் இரண்டு இரவு, திருகோணமலையில் மூன்று, கடைசி இரவு விமான நிலையத்துக்கு அருகே. சிகிரியாக் குன்றில் காலையில் திறந்ததுமே ஏறுங்கள். 900 மீட்டர் உயரத்து ஓசூர்க் காற்றுக்குப் பழகிய பிள்ளைகளை அங்குள்ள வெயில் வாட்டும். அங்கிருந்து பொலன்னறுவைக்குப் போய், சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈச்சரத்தைக் காட்டுங்கள். திருகோணமலையில் சம்பந்தர் பாடிய கோணேச்சரமும் நிலாவெளிக் கடலும் புறாத்தீவும் காத்திருக்கின்றன.

"இவ்வளவு செலவு செய்து போகிறோம், பாதியைத்தான் பார்ப்பதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொழும்பிலிருந்து நுவரெலியா சுமார் 170 கிலோமீட்டர்தான் என்றாலும், மலைப்பாதையில் அரை நாள் போய்விடும். ஏழு ஊர்களை ஏழு நாளில் கோத்தால், செலவழித்த பணத்தில் பெரும்பகுதி வேனுக்குள் உட்கார்ந்திருக்கவே போகும். மழை நாள் முழுதும் பெய்வதில்லையே என்பார்கள் சிலர். அதுவும் சரிதான். எனினும் மழை நின்ற பிறகும் மண் சரிந்த பாதை உடனே திறக்காது, கொந்தளிக்கும் தென்கடலில் பிள்ளைகளை இறக்கவும் முடியாது. வடகிழக்கிலும் ஒரு மழை வரலாம் என்பதால் ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் இலங்கை அரசின் இணையதளத்தில் விசா விதிகளைப் பாருங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் போக நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். ஷிப்ட் முடிந்த கையோடு கிளம்பும்படி விமான நேரத்தை வைக்காதீர்கள். கண்டி, நுவரெலியா, காலி மூன்றையும் பொங்கலுக்குப் பிறகு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு நல்லூர்த் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணி ஏற்றது. ஒரு நாட்டை அதன் பருவத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பார்ப்பவர்களுக்கே அது தன்னைத் திறந்து காட்டும்.