உழவு மாட்டின் கழுத்தும் நுகத்தடியும்

டிராக்டரும் பவர் டில்லரும் பரவிவிட்ட இந்நாளிலும், சிறு துண்டு நிலங்களிலும் மலைச் சரிவுகளிலும் உழவுக்குக் காளைகளையே நம்பியிருக்கும் விவசாயிகள் உள்ளனர். மழை பெய்த ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டிய மானாவாரி விவசாயிக்கு, அந்த வாரத்தில் ஒரு மாட்டுக்குக் கழுத்துப் புண் கண்டால் ஜோடியே நின்றுவிடுகிறது, பருவமும் தவறிவிடுகிறது. இந்தப் புண்ணைப் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம். அதற்கு மாட்டின் கழுத்து எப்படி அமைந்திருக்கிறது, எப்படி அசைகிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

ஏழு எலும்புகள்

மாட்டின் கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. மனிதனுக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே 7 எலும்புகள்தான், அளவுதான் வேறு. இவற்றின் நடுவே உள்ள துவாரத்தின் வழியாகத் தண்டுவடம் செல்கிறது.

மண்டையோட்டைத் தாங்கும் முதல் எலும்பு இருபுறமும் இறக்கை போல விரிந்தது. மாடு தலையை மேலும் கீழும் ஆட்டுவது முக்கியமாக இந்த மூட்டில்தான். இரண்டாவது எலும்பின் முனையில் முளை போன்ற ஒரு பகுதி உண்டு. அதைப் பற்றி முதல் எலும்பு சுழல்வதால், மாடு ஒரு கொம்பைத் தாழ்த்தி மறு கொம்பை உயர்த்தித் தலையைத் திருக முடிகிறது. மற்ற 5 எலும்புகளும் சேர்ந்து வளைவதால் தரையில் மேயவும், விலாவில் மொய்க்கும் ஈயை விரட்டவும் கழுத்து இடம் கொடுக்கிறது.

பிடரி நாண்

மாட்டின் தலை கனமானது. அதை நாள் முழுவதும் தசைகளே தூக்கிப் பிடித்தால் மாடு களைத்துவிடும். ஆகவே, மண்டையின் பின்புறத்திலிருந்து முன்னங்கால்களுக்கு மேலுள்ள முதுகெலும்பு வரை, ரப்பர் போல இழுபடும் மஞ்சள் நிறத் தடித்த நாண் ஒன்று பிடரி வழியாக ஓடுகிறது. மாடு குனியும்போது இது நீள்கிறது. நிமிரும்போது சுருங்கித் தலையைத் தூக்க உதவுகிறது.

நுகத்தடி கழுத்து எலும்பின் மேல் உட்காருவதாகப் பலர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. தலைக்கு அருகில் மேலாக இருக்கும் கழுத்தெலும்புத் தொடர், தோளை நெருங்க நெருங்க ஆழத்தில் இறங்கிவிடுகிறது. திமிலும் எலும்பன்று, தசையும் கொழுப்புமே. எனவே நுகத்தின் அழுத்தம் முழுவதையும் தோல், தசை, பிடரி நாண் ஆகியவையே ஏற்கின்றன. அழுத்தம் மிகும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. உராய்வும் வியர்வையும் மழை ஈரமும் சேர்ந்தால் தோல் விரைவில் புண்ணாகிறது.

பாரம் எங்கே விழுகிறது?

ஒரு காளை தன் எடையில் சுமார் 10 சதவீதம் அளவு விசையுடன் தொடர்ந்து இழுக்கும். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது 40 கிலோ. இந்த விசை, ஒல்லியான உருண்டை நுகத்தில் ஒரு சிறிய இடத்தில் குவிகிறது. நுகம் கழுத்தில் படும் பரப்பு இரு மடங்கானால், ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் விழும் அழுத்தம் பாதியாகக் குறையும். ஆகவே விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. நுகத்தின் அடிப்பகுதியை அகலமாகவும், கழுத்தின் வடிவுக்கேற்ப வழவழப்பாகவும் இழைக்க வேண்டும். வெடிப்பு, சிராய், ஆணி முனை இருத்தல் கூடாது.

2. நுகம் திமிலுக்கு முன்னால் பொருந்தி நிற்க வேண்டும். மடிப்பு விழும் சாக்கைத் திணிப்பது மேலும் புண்ணாக்கும்.

3. சம உயரமுள்ள மாடுகளையே ஜோடி சேர்க்க வேண்டும். இல்லையேல் நுகம் சாய்ந்து அதன் ஓரம் கழுத்தில் அழுந்தும்.

4. வண்டியில் முன்பாரம் கூடினால் சுமை கழுத்தில் இறங்கும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மூச்சுக்குழலும் பெரிய இரத்தக் குழாய்களும் அங்கேதான் உள்ளன. பாரத்தை அச்சின் மேல் சமமாக ஏற்றி, கயிற்றில் விரல்கள் தாராளமாக நுழைய இடைவெளி விட வேண்டும்.

5. புதிதாகப் பழக்கும் மாட்டையும், பல மாதம் சும்மா இருந்த மாட்டையும் முதல் சில நாட்கள் குறைந்த நேரமே பூட்ட வேண்டும்.

எளிய சோதனை

வேலைக்கு முன்பும், சந்தையில் மாடு வாங்கும்போதும் கைப்பிடிப் புல்லைக் கொண்டு கழுத்தைச் சோதிக்கலாம். புல்லைத் தரையிலும், தலைக்கு மேலும், இரு விலாப் பக்கங்களிலும் காட்டினால், நல்ல மாடு கழுத்தை மட்டும் வளைத்து எட்டும். வலியுள்ள மாடு உடலையே திருப்பும், அல்லது ஒரு பக்கம் மட்டும் தயங்கும்.

புண் கண்டால்

முதலில் சூடும் வீக்கமும் தோன்றும். அப்பொழுதே குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, வீக்கம் முழுவதும் வடியும் வரை மாட்டைப் பூட்டாமல் விட வேண்டும். தொடர்ந்து பூட்டினால் சீழ்க்கட்டியாகவோ, அறுவை செய்து நீக்க வேண்டிய கெட்டிக் கட்டியாகவோ மாறும். சூடு போடுவதும், கட்டியை வீட்டிலேயே கீறுவதும் கூடாது. கழுத்து விறைத்து, வாய் திறக்க முடியாமல், காதுகள் நிமிர்ந்து நின்றால் அது ரண ஜன்னியாக இருக்கக்கூடும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

இழுவை மாடுகளை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. வேலை முடிந்து நுகத்தை இறக்கியதும் கழுத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வீக்கத்தைக் கண்ட அன்றே ஓய்வு கொடுத்தால் சில நாள் வேலைதான் போகும். விட்டுவிட்டால் அந்தப் பருவமே போய்விடும்.